குங்குமப் பொட்டு வைத்த பென் டிரைவ்

2010-ம் வருடம், ஆயுத பூஜை நாள். ஹைதராபாத்தில், செகந்திராபாத் பக்கம் மாரெட்பள்ளியில் ஒரு வாடகை வீட்டின் இரண்டாவது மாடியில் நானும் என் மனைவியும் குடியிருந்தோம். நான் ஈரோட்டுக்காரன். மாதாப்பூரில் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை என்று ஊரில் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். உண்மையில் நான் சாஃப்ட்வேர் எழுதுகிறவன் இல்லை. எழுதுகிறவர்களின் கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டால் அதை எழுப்பி உட்காரவைக்கிறவன்.

எனக்கு ஒரு வியாதி உண்டு. எதிலும் நிலைகொள்ள மாட்டேன். ஐந்து வருடத்தில் நான்கு கம்பெனி மாறியிருந்தேன். ஆபீசுக்கு பேகம்பேட் வழியாகப் போனால் பாலாநகர் வழியே காலியாக இருக்குமோ என்று தோன்றும். பாலாநகர் வழியே போனால் பேகம்பேட் நினைப்பு வரும். வீட்டுக் கம்ப்யூட்டரில் வாரம் ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம் ஏற்றுவேன். அதில் ஒரு தவறும் இருக்காது, இருந்தாலும் அடுத்ததைப் பார்க்காமல் கை நிற்காது. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவர் என்று என் மனைவி சொல்வாள். காலில் மட்டுமா, கையிலும்தான்.

அவள் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள். அவள் அப்பா வேலூரிலிருந்து வந்து பாலாநகர் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதனால் அவள் தமிழில் ஹைதராபாத் கொஞ்சம் கலந்திருக்கும். ‘ஆமாம்’ என்பதற்கு ‘ஹவ்’ என்பாள். ‘வேண்டாம்’ என்பதற்கு ‘நக்கோ’. காது சரியாகக் கேட்காத சிறு குழந்தைகளுக்குக் காது மிஷின் மாட்டிப் பேசப் பழக்கும் ஒரு சின்ன மையத்தில் அவளுக்கு வேலை. ஒரு எழுத்தை மூன்று மாதம் சொல்லிக் கொடுப்பாள். எனக்கும் அவளுக்கும் எப்படிப் பொருத்தம் பார்த்தார்களோ தெரியாது.

அந்த வாரம் எனக்கு ஆபீசில் ஒரு பொறுப்பு வந்திருந்தது. புதிதாக ஒரு மாடி எடுத்து நாற்பது கம்ப்யூட்டர் இறக்கியிருந்தார்கள். பண்டிகை முடிந்து திங்கட்கிழமை ஆட்கள் வந்து உட்கார வேண்டும். சிலருக்குப் பழைய விண்டோஸ், சிலருக்குப் புது விண்டோஸ், ஒரு கூட்டத்துக்கு லினக்ஸ். நாற்பதில் ஒன்றிலும் சிடி டிரைவ் கிடையாது. நான் தோளில் மாட்டிக்கொண்டு திரியும் சிடி பை அங்கே செல்லாது. “ஒரே பென் டிரைவில் எல்லாத்தையும் ஏத்திக் கொண்டு வந்துர்றேன் சார்” என்று மேலதிகாரியிடம் வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். மல்டிபூட் என்பார்கள். கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் ஓட்டல் மெனு கார்டு மாதிரி ஒரு பட்டியல் வரும், எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

பென் டிரைவை அப்படித் தயார் செய்துகொடுக்கும் இலவசக் கருவிகள் இணையத்தில் ஏகப்பட்டவை இருந்தன. அதுதான் சிக்கல். ஒன்றே ஒன்று இருந்திருந்தால் வாரத் தொடக்கத்திலேயே முடித்திருப்பேன். ஒரு வாரமாக எதைத் தேர்ந்தெடுப்பது என்று படித்துக்கொண்டே இருந்தேன். ஒருவர் எழுதுவார், இதுதான் சிறந்தது என்று. அதற்குக் கீழேயே இன்னொருவர், இது என் டிரைவையே கெடுத்துவிட்டது என்பார். மூன்றாமவர் இரண்டையும் விட்டுவிட்டு வேறொன்றைச் சொல்வார். ஐந்து கருவிகளை லேப்டாப்பில் இறக்கி வைத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை வரை ஒன்றையும் தொடாமல் இருந்தேன்.

சனிக்கிழமை பூஜை. எங்கள் வீட்டில் சரஸ்வதி பூஜையும் ஆயுத பூஜையும் ஒரே பலகையில்தான். ஒரு பக்கம் அவளுடைய புத்தகங்கள், நோட்டுகள். மறுபக்கம் என் ஆயுதங்கள்: ஸ்க்ரூ டிரைவர் பெட்டி, ஒயர் நறுக்கும் கட்டிங் பிளேயர், சிடி பை, லேப்டாப், என் பென் டிரைவ். எல்லாவற்றையும் காலையிலேயே அவளிடம் கொடுத்துவிட்டேன். அவள் ஒவ்வொன்றாகத் துடைத்து, சந்தனம் இட்டு, அதன் மேல் குங்குமம் வைத்து அடுக்கினாள். வைத்ததை அன்று முழுக்கத் தொடக்கூடாது. மறுநாள் விஜயதசமி காலையில் புனர்பூஜை செய்து, அவள் ஒரு பக்கம் படித்து, நான் ஒரு ஸ்க்ரூவைத் திருகின பிறகுதான் எடுக்க வேண்டும்.

சாப்பாடு முடிந்ததும் அவள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கிளம்பினாள்.

“மூணு வீட்டுல கொலுவுக்குக் கூப்பிட்டிருக்காங்க. வர ஆறு மணி ஆயிடும். எதையும் தொடாதீங்க, என்ன?”

“நான் என்ன சின்னக் கொழந்தையா அம்மிணி?”

“ஹவ்” என்று சொல்லிவிட்டுப் படி இறங்கிப் போனாள்.

ஒரு மணி நேரம் தாக்குப்பிடித்தேன். டிவியைப் போட்டேன், அணைத்தேன். தண்ணீர் குடித்தேன். பால்கனிக்குப் போய்த் தெருவைப் பார்த்தேன். தசராவுக்கு எல்லோரும் ஊருக்குப் போய்விட்டதால் தெருவில் ஒரு ஆட்டோகூட இல்லை. திரும்பி உள்ளே வந்தால் பலகையின் மேல் லேப்டாப் உட்கார்ந்திருக்கிறது. உள்ளே ஐந்து கருவிகள். திங்கட்கிழமைக்கு நடுவில் ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்று மனசு கணக்குப் போட்டது. இருப்பிடத்தை விட்டு நகர்த்தினால்தானே எடுத்ததாக அர்த்தம், அங்கேயே வைத்து வேலை செய்தால் சாமி ஒன்றும் சொல்லாது என்று எனக்கு நானே தீர்ப்பும் எழுதிக்கொண்டேன்.

பலகைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, லேப்டாப் மூடியின் பொட்டு கலையாமல் திறந்தேன். பென் டிரைவைத் தேடினேன். புத்தக அடுக்கின் மேலேயே இருந்தது. சின்ன சாமான், தொலைந்துவிடப் போகிறது என்று மேலே வைத்திருப்பாள் போல என்று நினைத்துக்கொண்டேன். கறுப்பு நிறம், எட்டு ஜிபி, மேலே சந்தனம், நடுவில் குங்குமப் பொட்டு. அந்தப் பொட்டு அழிந்தால் குட்டு வெளிப்பட்டுவிடுமே என்று ஓரங்களை மட்டும் இரண்டு விரலால் பிடித்துச் செருகினேன். அவ்வளவு ஜாக்கிரதை!

முதல் கருவி பார்க்க அழகாக இருந்தது. ‘இந்த டிரைவில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும், தொடரலாமா?’ என்று கேட்டது. என் டிரைவில் பழைய பிரிண்டர் டிரைவர்கள்தான் இருந்தன. ஆமாம் என்று தட்டினேன். லினக்ஸை ஏற்றி, லேப்டாப்பை நிறுத்தி மறுபடி கிளப்பினால் கறுப்புத் திரையில் ஒரு கோடு மின்னிக்கொண்டு நின்றது. சரி, இது வேண்டாம்.

இரண்டாவது கருவி அழுக்குச் சாம்பல் நிறத்தில், பத்து வருடத்துக்கு முன் செய்தது போல இருந்தது. அதுவும் அதே கேள்வி கேட்டது. ஆமாம். லினக்ஸ், பழைய விண்டோஸ் இரண்டையும் ஏற்றினேன். மெனு வந்தது, இரண்டும் கிளம்பின. இங்கேதான் நான் நிறுத்தியிருக்க வேண்டும். வேலை முடிந்தது, மிச்சத்தையும் அதிலேயே சேர்த்திருக்கலாம். ஆனால் மெனுவின் எழுத்து எனக்குப் பிடிக்கவில்லை. இன்னும் மூன்று இருக்கின்றனவே, அதில் இதைவிட நல்லது இருந்தால்?

மூன்றாவது, கட்டளைகளைக் கையால் அடிக்கச் சொன்னது. அடித்தேன். புது விண்டோஸையும் சேர்த்தேன். அது மட்டும் கிளம்பவில்லை. நான்காவதில் எல்லாம் கிளம்பின, ஆனால் மெனு வர அரை நிமிடம் பிடித்தது. அரை நிமிடம் காத்திருக்கிற ஆளா நான்? ஐந்தாவதைத் திறந்தேன். ஒவ்வொன்றும் அதே கேள்வியைக் கேட்டது, ஒவ்வொன்றுக்கும் முழுதாகப் படிக்காமலே ஆமாம் தட்டினேன். எங்கள் தொழிலில் ஃபார்மேட் என்பது தும்மல் போடுவது மாதிரி. உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு தடவைகூடத் திறந்து பார்க்கத் தோன்றவில்லை.

ஐந்தாவதில் நீல நிற மெனு, பெரிய எழுத்து, எல்லா சிஸ்டமும் கிளம்பின. மணி ஐந்தரை. எனக்கு உடம்பெல்லாம் சந்தோஷம். அந்த நேரத்தில்தான் கதவு திறந்தது.

அவள் கையில் சுண்டல் பொட்டலங்கள், வெற்றிலைப் பாக்குப் பை. என்னையும் திறந்திருந்த லேப்டாப்பையும் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன், சிரித்துவிட்டாள்.

“கை வெச்சாச்சா? எனக்குத் தெரியும். படி எறங்கும்போதே தெரியும்.”

“நகட்டவே இல்லை அம்மிணி, இருந்த எடத்துலயே...”

“சாமிகிட்டயே சட்டம் பேசுறீங்களா?” என்றபடி பென் டிரைவைக் கையில் எடுத்தாள். “பாருங்க, சந்தனமெல்லாம் தூள் தூளா உதிருது. மறுபடி வெக்கிறேன்” என்று கட்டைவிரல் நகத்தால் பொட்டைச் சுரண்டினாள். குங்குமம் உதிர்ந்தது. அடியில் சந்தனம் உதிர்ந்தது. அதற்கும் அடியில் இன்னொரு சிவப்புப் புள்ளி இருந்தது. அதைச் சுரண்டினாள். அது போகவில்லை.

நகப்பூச்சு. நாங்கள் ஒரே கடையில், ஒரே மாதிரி இரண்டு பென் டிரைவ் வாங்கியிருந்தோம். மாறிவிடக்கூடாது என்று அவள் தன்னுடையதில் ஒரு சொட்டு சிவப்பு நகப்பூச்சு வைத்திருந்தாள். மற்ற நாளில் ஒரு மைல் தூரத்திலிருந்தே தெரியும் அடையாளம். பூஜையன்று வீட்டில் இருக்கிற எல்லா சாமானுக்கும் சிவப்புப் பொட்டு. அவள் படிப்பு சம்பந்தப்பட்டது என்று தன் டிரைவைப் புத்தகத்தின் மேல் வைத்திருக்கிறாள். என்னுடையது சிடி பைக்கு அடியில் பத்திரமாக இருந்தது.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அப்போதும் புத்தி வரவில்லை. “உன்னோடதை எதுக்குப் பூஜையில வெச்ச? வெச்சதைச் சொல்லணுமில்ல?” என்று அவள் மேல் பாய்ந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

“எடுக்கக்கூடாதுன்னு சொன்னேனே. அதுக்கு மேல என்ன சொல்லணும்?” என்று மட்டும் கேட்டாள். அப்புறம், “அந்தப் பொண்ணோட குரல் அதுலதாங்க இருக்கு” என்றாள்.

எந்தப் பெண் என்று எனக்குத் தெரியும். அவளிடம் இரண்டு வருடமாக வந்துகொண்டிருந்த குழந்தை. முதலில் வந்தபோது இரண்டு வயது, ஒரு சொல் கிடையாது. மாதம் ஒரு முறை அது எழுப்பும் சத்தங்களை என் மனைவி பதிவு செய்வாள். இருபத்து மூன்று பதிவுகள். குழந்தையின் அப்பா ரியாத்தில் வேலை பார்த்தார். தாயும் குழந்தையும் அங்கே போய்ச் சேர்வதற்கு மறுநாள் மாலை விமானம். அங்கே புதிதாகப் பழக்கப்போகிறவருக்கு இந்தக் குழந்தை எங்கே ஆரம்பித்து எப்படி வந்திருக்கிறது என்று தெரிய இந்தப் பதிவுகள்தான் ஆதாரம். அவற்றின் நகலை வாங்கிக்கொள்ள அந்தத் தாய் காலையில் எங்கள் வீட்டுக்கே வருவதாக ஏற்பாடு.

“வேற எங்கேயும் இல்லையா?” என்று கேட்டேன். கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது. மையத்தின் பழைய கம்ப்யூட்டரில் மேற்கொண்டு இடம் இல்லாததால் இந்தக் குழந்தையின் பதிவுகளை எங்கள் வீட்டு மிஷினில்தான் வைத்திருந்தாள். இரண்டு வாரத்துக்கு முன், புது சிஸ்டம் ஏற்றப்போகிறேன், உன் சாமான்களைப் பென் டிரைவுக்கு எடுத்துக்கொள் என்று சொன்னவன் நான். அதற்குப் பிறகு அந்த மிஷினை மூன்று தடவை மாற்றிவிட்டேன். இதை நம்பி எதையும் வைக்க முடியாது என்று அவள் திரும்பக் கொண்டுவந்து போடவே இல்லை.

“ஒரு ரிப்போர்ட்னா உக்காந்து திரும்ப எழுதிடுவேன். அவ திரும்பப் பேசத் தெரியாதவளா ஆகி, மறுபடி மொதல்லேர்ந்து பேசுவாளா?”

லேப்டாப்பை என் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

அழிந்ததைத் தோண்டி எடுக்கும் நிரல் ஒன்று எனக்குத் தெரியும். லினக்ஸில் ஓடுவது. அதற்கென்று ஒரு பென் டிரைவைத் தயார் செய்ய வேண்டும். சிடி பைக்கு அடியிலிருந்து என் டிரைவை எடுத்தேன். ஒரு வாரமாக எந்தக் கருவி, எந்தக் கருவி என்று அலைந்தவன், இப்போது ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. அந்த அழுக்குச் சாம்பல் நிறக் கருவியைத் திறந்தேன். வேலை செய்தது என்று தெரியும், போதும். பத்து நிமிடத்தில் தயாராகிவிட்டது. மெனு எழுத்து எப்படி இருந்தது என்று பார்க்கவே இல்லை.

அவளுடைய டிரைவில் இனி ஒரு எழுத்தும் எழுதாமல், படிக்க மட்டும் விட்டுத் தோண்ட ஆரம்பித்தேன். வீட்டு மிஷினையும் தோண்டினேன். அங்கே என் பரிசோதனைகள் எல்லாவற்றையும் மூடியிருந்தன, ஒன்றும் கிடைக்கவில்லை. இதில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஃபார்மேட் செய்தால் உள்ளே இருப்பது உடனே போய்விடாது. அதன் மேல் புதிதாக எழுதும்போதுதான் போகும். முதல் கருவியோடு நிறுத்தியிருந்தால் இரண்டு பதிவு போயிருக்கும். இரண்டாவதோடு என்றால் நான்கு. நல்ல எழுத்து, வேகமான மெனு என்று நான் அடுத்தடுத்து ஏற்றியதெல்லாம் அந்தக் குழந்தையின் மாதங்களின் மேல்தான் ஏறியிருந்தன.

காலையில் பார்த்தபோது பன்னிரண்டு கோப்புகள் கிடைத்திருந்தன. எதற்கும் பெயர் இல்லை, தேதி இல்லை, வெறும் எண்கள். எந்தப் பதிவு எந்த மாதம் என்று கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அவள் குளித்துவிட்டு வந்து புனர்பூஜையை முடித்தாள். படிக்க வேண்டிய ஒரு பக்கத்துக்குத் தன் மைய நோட்டை எடுத்தாள். நான் ஸ்க்ரூ டிரைவரைத் தொட்டுக் கும்பிட்டேன். பிறகு இருவரும் லேப்டாப் முன் உட்கார்ந்தோம்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, அதுவரை அதில் ஒன்றைக்கூட நான் கேட்டதில்லை. பழக்க ஆரம்பித்த ஒன்பதாவது மாதம் ஒரு நாள் என் மனைவி ஓட்டமாக வீடு திரும்பியது ஞாபகம் இருக்கிறது. அன்று காது மிஷினை மாட்டப் போனபோது, அந்தக் குழந்தை அவள் கையைத் தள்ளிவிட்டு, “நக்கோ!” என்று கத்தியிருக்கிறது. அதுதான் அதன் முதல் சொல். தன்னை வேண்டாம் என்று சொன்னதில் இவளுக்கு அத்தனை ஆனந்தம், கண்ணெல்லாம் தண்ணீர். “ஒரு நிமிஷம் கேளுங்க, ரெக்கார்டு பண்ணியிருக்கேன்” என்றாள். நான் ஏதோ ஒரு சிஸ்டத்தை ஏற்றிக்கொண்டிருந்தேன். “அப்புறம் கேக்கிறேன் அம்மிணி” என்றேன். அந்த அப்புறம் வரவே இல்லை.

இப்போது கேட்டேன். முதல் கோப்பில் இருபது நிமிடத்துக்கு வெறும் மூச்சு, கைதட்டல், என் மனைவி “ஆ... ஆ...” என்று திரும்பத் திரும்பச் சொல்வது. கடைசியில் குழந்தை ஒரு தடவை “ஆ” என்றது. “மூணாவது மாசம்” என்று நோட்டில் டிக் அடித்தாள். அடுத்தது பதினேழு. அடுத்தது ஆறு. ஒவ்வொன்றையும் திறக்கும்போதும் இது ஒன்பதாக இருக்கக்கூடாதா என்று எனக்குள் அடித்துக்கொண்டது. நடுவில் கீழ்வீட்டுக்காரர் ஜம்மி இலை, அதாவது நம் ஊர் வன்னி இலை, கொண்டுவந்து கையில் வைத்தார். இந்த ஊரில் தசராவுக்கு அதைத் தங்கம் என்று கொடுப்பார்கள். வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மறுபடி வந்து உட்கார்ந்தேன். மூன்று மணி நேரம் இடத்தை விட்டு எழுந்திருக்காமல் நான் உட்கார்ந்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. பன்னிரண்டும் முடிந்தன. ஒன்பதாவது மாதம் இல்லை.

பதினொரு மணிக்கு அந்தத் தாய் வந்தார். கறுப்பு புர்கா, கையில் ஒரு எவர்சில்வர் டப்பா. கிளம்புகிறோம் என்று இனிப்பு செய்துகொண்டு வந்திருந்தார். குழந்தை உள்ளே ஓடிவந்து பலகையில் இருந்த சாமான்களை ஒவ்வொன்றாகக் காட்டி, இது என்ன, இது என்ன என்று உருதுவில் கேட்டுக்கொண்டே இருந்தது. அது பேசிய வேகத்தில் எனக்குப் பாதி புரியவில்லை.

என் மனைவி என்னிடம் மெல்லச் சொன்னாள். “நீங்களே சொல்லுங்க. உங்களுக்காக நான் பேச மாட்டேன்.”

எனக்குத் தெரிந்த ஓட்டை ஹிந்தியில் சொன்னேன். தப்பு என்னுடையது, உங்கள் டீச்சர் பத்திரமாகத்தான் வைத்திருந்தார், எடுக்கக்கூடாத நேரத்தில் எடுத்து நான் அழித்துவிட்டேன், பாதிதான் மிச்சம் என்று. அவர் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு முழுவதும் கேட்டார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன்.

“கைக்கு நிகாலே, பாய்?” என்றார். எதற்காக எடுத்தீர்கள் என்று.

அவ்வளவுதான் கேள்வி. கோபமாகக்கூடக் கேட்கவில்லை, தெரிந்துகொள்வதற்காகக் கேட்டார். நாற்பது கம்ப்யூட்டர் என்று சொல்லலாமா? திங்கட்கிழமை என்று சொல்லலாமா? ஞாயிற்றுக்கிழமை முழுதும் கையில் இருந்தது. நீல நிற மெனு வேண்டியிருந்தது என்று ஒரு தாயிடம் எப்படிச் சொல்வது?

அவர் என் மனைவியிடம் திரும்பி, “நக்கோ வாலா?” என்று கேட்டார். அந்த ‘நக்கோ’ பதிவு இருக்கிறதா என்று. அவள் இல்லை என்று தலையாட்டினாள். இரண்டு பேர் கண்ணும் நிறைந்துவிட்டது. நான் அந்த இடத்தை விட்டு எங்கேயாவது ஓடிவிடலாம் என்று நினைத்தேன். ஓடவில்லை.

அந்த அம்மா கைப்பையைத் திறந்து தன் மொபைலை எடுத்தார். பட்டன் வைத்த பழைய போன், மூடியை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருந்தார். எதையோ தேடி ஒரு பட்டனை அழுத்தினார். கரகரப்பான சத்தம். ஏதோ விழுகிற ஓசை. அப்புறம் ஒரு குழந்தையின் குரல், தொண்டை கிழிய, “நக்கோ!” என்றது. கூடவே என் மனைவி, “அரே, அரே!” என்று அழுதுகொண்டே சிரிக்கும் சத்தம்.

அன்று என் மனைவி அந்தப் பதிவைப் போட்டுக் காட்டியபோது, அவர் போனைப் பக்கத்தில் பிடித்துக் கொஞ்சம் பதிந்துகொண்டிருக்கிறார். ரியாத்தில் இருக்கும் கணவருக்குப் போனிலேயே கேட்கவைப்பதற்காக. முழுப் பதிவு இல்லை, சில விநாடிகள். அதைத் தினமும் படுக்கப்போகும் முன் கேட்பாராம்.

பலகையின் பக்கத்திலிருந்து குழந்தை திரும்பிப் பார்த்தது. “யே கோன், அம்மி?” என்று கேட்டது. இது யாரு? தன் குரல் என்று அதற்குத் தெரியவில்லை. அப்போதுதான் மூன்று பேருக்கும் சிரிப்பு வந்தது.

வாங்கிக்கொள்ள வந்தவர், எங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். ப்ளூடூத் வழியாக அந்தச் சில விநாடிகள் என் லேப்டாப்புக்கு வர இரண்டு நிமிடம் ஆனது. ஒரு முறைகூட எழுந்திருக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு பதிவுகளோடு அதையும் பதின்மூன்றாவதாகச் சேர்த்து, மாதம் வாரியாகப் பெயரிட்டு, ஒரு சிடியிலும் நகப்பூச்சுப் புள்ளி வைத்த அந்தப் பென் டிரைவிலும் ஏற்றிக் கொடுத்தேன். இல்லாத மாதங்களுக்கு என் மனைவி தன் நோட்டையே கொடுத்துவிட்டாள். இரண்டு வருடம் அவள் கையால் எழுதியது. நகல் எடுக்கக் கடை ஒன்றும் திறந்திருக்கவில்லை. அதைக் கொடுக்கும்போது அட்டையில் இருந்த குங்குமத்தைத் துடைக்கவில்லை. அந்த அம்மாவும் அதை ஒரு கைக்குட்டையில் சுற்றி வைத்துக்கொண்டார்.

படி இறங்கும்போது அவர் என் மனைவியிடம் சொன்னது என் காதில் விழுந்தது. “இனோ பஹுத் ஜல்தி கர்தே.” இவர் ரொம்ப அவசரப்படுகிறார். மன்னித்துவிட்டதாகச் சொல்லவில்லை. அதில் நியாயம் இருந்தது.

என் மனைவி என்னிடம் சகஜமாகப் பேச இரண்டு வாரம் ஆனது. அதற்குள் நான் கடையில் ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கி, மையத்தின் கம்ப்யூட்டரில் இருந்த அவளுடைய மற்ற குழந்தைகளின் பதிவுகளை எல்லாம் இரண்டு பிரதி எடுத்து வைத்தேன். எடுக்கும்போது ஒவ்வொன்றையும் கேட்டேன். வீட்டுக் கம்ப்யூட்டரில் அன்று இருந்த சிஸ்டம் அதற்கப்புறம் நான்கு வருடம் மாறவில்லை.

திங்கட்கிழமை நாற்பது கம்ப்யூட்டருக்கும் அந்தச் சாம்பல் நிறக் கருவியில் செய்த என் டிரைவையே, மிச்சத்தையும் அதில் சேர்த்து, கொண்டுபோனேன். பழைய விண்டோஸ், புது விண்டோஸ், லினக்ஸ், எல்லாம் கிளம்பின. பக்கத்தில் நின்ற சக ஊழியர், எந்தக் கருவியில் செய்தாய் என்று கேட்டார். சொன்னேன். “அது பழசாச்சே. இப்ப புதுசா ஒண்ணு வந்திருக்கு, சூப்பரா இருக்கும், அனுப்பட்டுமா?” என்றார். “நக்கோ” என்றேன். அவர் சிரித்தார், நான் சிரிக்கவில்லை.

இப்போது நாங்கள் வேறு ஊரில் இருக்கிறோம். கருவிகள் எத்தனையோ மாறிவிட்டன, நானும் சிலவற்றை மாற்றியிருக்கிறேன். ஆனால் எல்லாக் கருவியும் கடைசியில் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறது: உள்ளதெல்லாம் அழிந்துவிடும், தொடரலாமா? சாமி முன்னால் உட்கார்ந்து, பொட்டு கலையாமல் பிடித்துக்கொண்டு, ஐந்து தடவை அதற்கு ஆமாம் சொன்னவன் நான். இன்று அந்தக் கேள்வி வந்ததும் கையை எடுத்துவிட்டு, உள்ளே யாருடையது என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்கிறேன். பார்த்து முடிக்கும்வரை, இந்நேரம் வளர்ந்து பெரியவளாகியிருக்கும் அந்தக் குழந்தை என் காதுக்குள் “நக்கோ, நக்கோ” என்று கத்திக்கொண்டே இருக்கிறது.